நாலரை மைல் சாலையும் திரேசக்காவின் தெருவும்

ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகிற ஒரு நெடுஞ்சாலையில்தான் என் பிழைப்பு. இங்கிலாந்தின் மேற்கே, பிரிஸ்டல் நகரத்துக்குள் போகும் எம்-32. முழு நீளமும் நாலரை மைலுக்குச் சற்றுக் குறைவு. லண்டனிலிருந்து வேல்ஸ் பக்கம் ஓடும் பெரிய எம்-4 சாலையிலிருந்து கிளையாகப் பிரிந்து வந்து, நகரத்துக்குள் ஒரு போக்குவரத்து விளக்கின் முன்னால் நின்றுவிடும். அதில் பழுதாகி நிற்கும் கார்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன்.

அந்தச் சாலைக்குக் கிட்டத்தான் என் வீடும். ஈஸ்டன் என்ற பகுதி. மழை நாளில் சன்னலைத் திறந்தால் தூண்களின் மேல் ஓடும் கார்களின் சத்தம் அரிசி களைவது போலக் கேட்கும்.

2007-ம் ஆண்டு புரட்டாதி மாதம் மருமகள் ஷாமினி மொன்றியலிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். என் அக்கா திரேசாவின் ஒரே மகள். அக்கா குடியிருக்கிற தெருவுக்கு மேலால் போகிற நெடுஞ்சாலையை உடைத்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். அதற்காகச் சில வீடுகளை எடுக்கவேண்டி வரலாம் என்று கடிதம் வந்திருக்கிறதாம். ஷாமினி பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கி, கீழ்த்தளத்தில் தாய்க்கென்று ஓர் அறையும் கட்டி முடித்துவிட்டாள். அக்காவோ வரமாட்டேன் என்கிறார்.

“நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ மாமா. நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா.”

அக்கா என் சொல்லைக் கேட்ட சம்பவம் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனாலும் அத்தானின் மரணத்துக்குப் போகமுடியாமல் போன குறை நாலு வருஷமாக மனதில் கிடந்தது. இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

மொன்றியலில் இறங்கியபோது ஒக்ரோபர். மேப்பிள் மரங்கள் பழுத்த கொச்சி மிளகாயின் நிறத்தில் நின்றன. ஷாமினியும் அவள் கணவன் அன்ரனும் காரில் வந்து ஏற்றிப் போனார்கள். அன்ரன் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிப் போகும் லொறி ஓட்டுகிறவன். அதிகம் கதைக்காத ஆள். என் தொழிலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, என் லொறி எத்தனை தொன் இழுக்கும் என்று விசாரித்தான். அதற்குப் பிறகு வீடு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும்தான் கதைத்தோம்.

பியர்பொன்ட்ஸ் அழகான இடம். ஒரே மாதிரி வீடுகள், முன்னால் புல், வாசலில் பூசணிக்காய், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கார். நடந்து போகிற மனிதரை மட்டும் காணவில்லை. கீழ்த்தளத்து அறையை ஷாமினி எனக்குக் காட்டினாள். புதுக் கட்டில், தனிக் குளியலறை, பிடித்துக்கொண்டு குளிக்கச் சுவரில் கைப்பிடி, மூலையில் மாதா சொரூபம் வைக்கச் சின்னத் தட்டு. தாய்க்குப் பிடித்த வெளிர்நீலத்தில் திரைச்சீலை தேடி மூன்று கடை ஏறி இறங்கினாளாம். குறை சொல்ல ஒன்றுமில்லாத அறை. அன்றிரவு அதில் நான்தான் படுத்தேன். நல்ல நித்திரை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஷாமினியும் அன்ரனும் வேலைக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். நானே அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஷாமினி ஒரு தாளில் வழி எழுதித் தந்தாள். பஸ், பிறகு ரயில், பிறகு மெற்றோ. இறங்கவேண்டிய மெற்றோ நிலையம் பிளாஸ் சென்-ஹென்றி.

பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றேன். தரிப்பிடத்தில் என்னைத் தவிர ஒரு பிலிப்பினோ அம்மா மட்டும். யார் வீட்டிலோ பிள்ளை பார்க்க வந்தவர். இந்த நேரத்தில் பஸ் இரண்டில் ஒன்றுதான் வரும், மற்றது மனதில் வரும் என்றார். ரயில் ஏறியாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோது, மலையின் அடியில் போகும் சுரங்கத்துக்குள் அது நின்றுவிட்டது. இருட்டுக்குள் இருபத்தைந்து நிமிடம். ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: மன்னிக்கவும். பக்கத்தில் இருந்தவர் பையைத் திறந்து அப்பிள் ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்னத் தொடங்கினார். பழக்கப்பட்ட ஆள் என்று விளங்கியது.

மெற்றோவில்தான் பெரிய பிழை விட்டேன். ஹென்றியா என்று ஒரு பெடியனைக் கேட்டேன். அவன் ஓம் என்று தலையாட்டினான். இந்த ஊரில் இரண்டு ஹென்றி உண்டு என்பது எனக்குத் தெரியாது. ஒன்று தெற்கே சென்-ஹென்றி என்கிற புனிதர், மற்றது வடக்கே அரசியல்வாதி. நான் அரசியல்வாதியிடம் போய் இறங்கி, திரும்பி முழு நகரத்துக்கும் அடியால் புனிதரிடம் வந்து சேர்ந்தேன். காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டவன் அக்காவின் கதவைத் தட்டியபோது ஒரு மணி.

அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. இன்னும் மெலிந்திருந்தார், ஆனால் நடை முன்னையதைவிட வேகம். வேலையிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்தார். பொரித்த மீனும் பருப்பும் புட்டும் மேசையில் இருந்தன. நான் சாப்பிடச் சாப்பிடப் பயணக் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு, நான் ஏன் வந்தேன் என்று தெரிந்தவர் போல, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பியர்பொன்ட்ஸிலையிருந்து இஞ்சை வர எவ்வளவு நேரம் எடுத்தது தம்பி?”

“நாலு மணித்தியாலம். ஆனா நான் வழி பிழைச்சதாலை.”

“சரி. பிழைக்காட்டி?”

கணக்குப் பார்த்தேன். பிழைக்காவிட்டாலும் ஒன்றே முக்கால் மணித்தியாலம் வரும்போல இருந்தது. அக்கா இன்னொரு மீன் துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினார்.

அவருடைய வேலை சின்னப் பிள்ளைகள் பகலில் இருக்கும் கார்டெரி ஒன்றில் சமையல். வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. முப்பது பிள்ளைகளுக்குக் காலைப் பாலும் மதியச் சாப்பாடும் அவர் பொறுப்பு. பருப்பை உறைப்பில்லாமல் கரைத்துக் கொடுப்பாராம். பிள்ளைகள் அதை மஞ்சள் சூப் என்று கேட்டு வாங்கிக் குடிப்பார்களாம். சனிக்கிழமை நாங்கள் தெருவில் போனபோது, தகப்பனின் தோளில் இருந்த ஒரு குழந்தை அக்காவைக் கண்டு “தெரேஸ், தெரேஸ்” என்று கத்தியது. மூலைக்கடைக்காரர் உள்ளேயிருந்தே போஞ்சூர் சொன்னார். தபால்காரி நின்று முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தாள். ஷாமினியின் தெருவில் ஒரு நாள் இருந்தும் எனக்கு ஒரு தலையசைப்புக்கூடக் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாலையைக் காட்டும்படி கேட்டேன். அக்கா தெருமுனைக்குக் கூட்டிப் போய் மேலே கையைக் காட்டினார்.

இது 720. எங்கள் எம்-32 இன் பெரியம்மா மகன் என்று சொல்லலாம். நகரத்தின் மேற்கே துர்கோ என்ற பெரிய சந்தியில் பிரிந்து, மேட்டின் அடிவாரத்தோடு தூண்களின் மேல் ஓடி, நகரத்தின் நடுவில் சுரங்கத்துக்குள் இறங்கி, கிழக்கே வெளியே வந்து முடிகிறது. எட்டுக் கிலோமீற்றர் மட்டில்தான். அதே காலத்துக் கொங்கிறீட். மழைநீர் வடிந்து கறுத்த அதே தூண்கள். விரிசல்களில் சீமெந்து பூசிய தழும்புகளைப் பார்த்தபோது, இதை உடைக்க நினைக்கிறவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. அதன் கீழே ஒரு கார் பழுதாகி நின்றால் நான் எந்தப் பக்கத்தால் லொறியைக் கொண்டுவருவேன் என்றுதான் யோசித்தேன். அது தொழில் வியாதி.

அக்காவின் வீடு இரண்டு தட்டு. மேலே அக்கா, கீழே மதாம் லூசி என்ற கியூபெக் அம்மா. எழுபதைத் தாண்டியவர். பின்னேரம் எங்களைக் கூப்பிட்டுப் பட்டாணி சூப் தந்தார். பன்றி எலும்பு போட்டுக் காய்ச்சிய தடித்த சூப். எங்கள் ஊர்க் கூழை, சுறாமீன் போடாமல், காய்ச்சினால் இப்படி வரலாம். நான் இங்கிலாந்தில் நெடுஞ்சாலையில் வேலை செய்கிறேன் என்று அக்கா சொன்னதும், அவர் கரண்டியை வைத்துவிட்டு, அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அக்கா நடுவில் இருந்து மொழிபெயர்த்தார்.

நான் அடியிலிருந்து சொன்னேன். அந்தச் சாலைக்கு முதலில் ஹாம்புரூக் கிளை என்று பெயர். அந்தப் பெயருள்ள கிராமம்வரைதான் முதல் துண்டு போட்டார்கள், அறுபதுகளில். பிறகு பார்க்வே என்றார்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட ரயில் நிலையம் இன்றைக்கும் இருக்கிறது, சாலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எம்-4 இலிருந்து இறங்கினால் தொடக்கத்தில் வயல்வெளி. சற்றுத் தூரம் போக வலது கையில், மேட்டின் மேல், மஞ்சள் நிறத்தில் பழைய மாளிகை ஒன்று தெரியும். பிரிஸ்டல்காரனுக்கு அதைக் கண்டால் வீடு வந்த மாதிரி. அதன் பின் ஃபுறூம் ஆறு பள்ளத்தில் கூடவே வரும். ஈஸ்ட்வில்லில் பூங்காவின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு சாலை தூண்களில் ஏறுகிறது. அங்கே பதின்மூன்று வளைவுள்ள ரயில் பாலம் ஒன்று நின்றதாம். சாலைக்காக அதைத் தகர்த்தார்கள். கடைசியில், ஈஸ்டனில் வீடுகளை எடுத்து, அடுத்தடுத்து இருந்த தெருக்களை இரண்டு கரையாக்கிவிட்டு, நகரத்துக்குள் இறங்குகிறது. எழுபதுகளின் நடுப்பகுதியில் வேலை முடிந்தது.

நகரத்தைச் சுற்றி இன்னொரு சாலை போட்டு இதோடு இணைக்கவும் திட்டம் இருந்தது. அதற்காக நகரத்தின் தெற்கே டொற்றர்டவுன் என்ற மேட்டில் வீடு வீடாக இடித்தார்கள். இடித்து முடிந்த பிறகு அந்தச் சாலையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மதாம் லூசி கேட்டுக்கொண்டே இருந்தார். சிரித்தாரா என்றும் சொல்லமுடியாது. பிறகு ஒன்று கேட்டார். அக்கா மொழிபெயர்த்தார்.

“வீடு போன சனமெல்லாம் எங்கை போனது எண்டு கேக்கிறா.”

எனக்குத் தெரியவில்லை. எந்தத் துண்டை எந்தக் காலத்தில் திறந்தார்கள், எந்த வளைவில் காற்றுக்கு வான் வண்டி சரியும், எந்தப் பாலத்தின் கீழ் வெள்ளம் நிற்கும் என்பதெல்லாம் தெரியும். அந்தச் சனம் எங்கே போனது என்று பதினாறு வருஷத்தில் நான் யாரையும் கேட்டதில்லை. அதையே சொன்னேன். மதாம் தலையாட்டினார்.

அவர் சொன்னது இது. 720 வந்தபோது அவருடைய தாய் தகப்பனின் வீட்டையும் எடுத்தார்கள். நகரத்துக்கு வெளியே புது வீடுகள் கட்டித் தருவதாகக் கதை வந்ததாம். தகப்பன் போவோம் என்றாராம். தாய் ஒரு நாள் தனியே போய், இரண்டு தெரு தள்ளி இந்த வீட்டை வாடகைக்குப் பேசிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தாராம். தகப்பன் ஒரு கிழமை கதைக்கவில்லையாம். “ஆனால் அவருக்கும் இஞ்சையிருந்து மதுக்கடை கிட்ட” என்று மொழிபெயர்த்துவிட்டு அக்கா சிரித்தார். மதாமும் சிரித்தார். இப்போது சாலை இரண்டாம் முறையும் அவர்களைத் தேடி வருகிறது.

அன்று படுக்கமுன் நான் வந்த காரியத்தைத் தொடங்கினேன். நல்ல அறை, வெளிர்நீலத் திரைச்சீலை, பேரப்பிள்ளைகள், குளிர்காலத்தில் படி வழுக்காது. அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். பிறகு செவ்வாய்க்கிழமை தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் இதுபற்றி ஒரு கூட்டம் இருக்கிறது, நீயும் வா என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் கோப்பியும். ஷாமினி பெண்களோடு நின்று கதைக்க, அன்ரன் என்னைத் தனியே கூப்பிட்டு, 720 எங்கே முடிகிறது என்று பார்க்க விருப்பமா என்று கேட்டான். இதைவிட நல்ல கேள்வியை அந்தப் பயணத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

காரில் போனோம். சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில், நெடுஞ்சாலை சொல்லாமல் கொள்ளாமல் நோத்ர-டாம் என்ற சாதாரணத் தெருவாக மாறியது. துறைமுகம் வலப்பக்கம் நீளத்துக்கும் கிடந்தது. பாரந்தூக்கிகள், அடுக்கிய கொள்கலன்கள், வேலிக்குப் பின்னால் ஆறு. இடப்பக்கம் நீளமாக வெறும் புல். இங்கேயும் எழுபதுகளில் சாலையைக் கிழக்கே நீட்டுவதற்கு வீடுகளை இடித்தார்களாம். சாலை வரவில்லை. புல் மட்டும் வந்தது. அன்ரன் கிழமை நாட்களில் இந்த வழியில்தான் கொள்கலனோடு விளக்குக்கு விளக்கு நிற்கிறவன்.

“எனக்கு ரோட்டு வேணும் மாமா. பொய் சொல்லக்கூடாது,” என்றான். கொஞ்ச தூரம் போய்ப் பிறகு சொன்னான், “மாமி வந்து இருக்கிறது எனக்குச் சந்தோசம். ஆனா நாங்கள் ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் ஆறுக்குத்தான் வாறம். அவ்வளவு நேரமும் அவ என்ன செய்வா எண்டு நான் ஷாமினியைக் கேக்கேல்லை. கேட்டால் நான் வேண்டாமெண்டு சொல்லுறன் எண்டு நினைப்பாள்.”

இரண்டு பேரும் ஒரு தள்ளுவண்டிக் கடையில் நிறுத்திப் பூற்றீன் சாப்பிட்டோம். உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் புதிதாகத் திரண்ட பாற்கட்டியைப் போட்டுக் குழம்பு ஊற்றுகிறார்கள். இங்கிலாந்திலும் பொரியலுக்குக் குழம்பு ஊற்றுவார்கள், வெறுத்துப்போய் ஊற்றுவார்கள். இவர்கள் ஆசையோடு ஊற்றுகிறார்கள். அதுதான் வித்தியாசம்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மாலை ஆறரைக்கு. கீழ் மண்டபத்தில் நூறு பேர் மட்டில், பெரும்பாலும் வயதானவர்கள். முன்னால் நீளமான வரைபடம் ஒன்று தொங்கியது. சாலை சிவப்புக் கோடு, எடுக்கவேண்டி வரலாம் என்ற வீடுகள் மஞ்சள் கட்டம். அக்காவின் வீடும் மஞ்சள். அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து இரண்டு பொறியியலாளர்கள் வந்திருந்தார்கள். மரியாதையானவர்கள். யார் சத்தம் போட்டாலும் குறித்துக்கொண்டார்கள்.

ஷாமினி வேலையிலிருந்து நேரே வந்தாள். கூட்டம் முடிய எங்கள் இரண்டு பேரையும் பியர்பொன்ட்ஸுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. எனக்குப் பிரெஞ்சு தெரியாதென்பதால் பக்கத்தில் இருந்து காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் தூசியைப் பற்றிச் சொன்னார். ஒருவர் மரங்களைப் பற்றி. மதாம் லூசி எழும்பி, என்னை இரண்டாம் தரம் வீட்டைவிட்டு எழுப்ப வந்திருக்கிறீர்கள், முதல் தரம் வந்தவர் உங்களைவிட வடிவான ஆள் என்று சொல்ல, மண்டபமே சிரித்தது.

பிறகு அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷாமினி திடுக்கிட்டுத் திரும்பினாள். தாய் கதைக்கப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் போய்க் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் ஒன்றும் இல்லை. பிரெஞ்சில் மெதுவாகத் தொடங்கினார். ஷாமினி என் காதுக்குள் சொன்னாள்.

“என்ரை பேர் திரேசா. பதினொரு வருஷமா இந்தத் தெருவிலை இருக்கிறன். கார்டெரியிலை சமைக்கிறன்... ரோட்டு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. என்ரை மருமகன் லொறி ஓடுறவர்... என்னை இதுக்கு முன்னம் மூண்டு தரம் எழுப்பிப் போட்டினம். சண்டையாலை மன்னாரிலையிருந்து மடுவுக்கு. மடுவிலையிருந்து கொழும்புக்கு. கொழும்பிலையிருந்து இஞ்சை. மூண்டு தரமும் எங்கை போறதெண்டு வேறை ஆக்கள்தான் சொன்னது. நான் பெட்டியை மட்டும் தூக்கினனான்.”

பொறியியலாளர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்தினார்.

“நாலாந்தரமும் போகத்தான் வேணுமெண்டால் போறன். ஆனா இந்த முறை எங்கை எண்டு நான் சொல்லவேணும். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளின்ரை வீட்டிலை எனக்கு ஒரு அறை கட்டி வைச்சிருக்கிறாள். நல்ல அறை. மூண்டு கடை ஏறித் திரைச்சீலை வாங்கினவள்...”

ஷாமினியின் குரல் நின்றது. அக்கா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். சிலர் தலையைக் குனிந்தார்கள். பின்னால் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஷாமினியைப் பார்த்தேன். அவள் முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு தாயையே பார்த்தபடி இருந்தாள்.

“என்ன பிள்ளை சொல்லுறா?” என்றேன்.

“பேந்து சொல்லுறன் மாமா.”

அக்கா மெர்சி சொல்லிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் இருந்தார். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கூட்டம் முடியும்வரை மூன்று பேரும் வரைபடத்தைப் பார்த்தோம்.

நானும் ஷாமினியும் முதலில் காருக்கு வந்துவிட்டோம், அக்கா மதாமின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு பின்னால் வந்தார். மதாமை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த இடைவெளியில் ஷாமினி என்னிடம் சொன்னாள். காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“காலமை நான் வராட்டி முப்பது பிள்ளையள் என்னைத் தேடுங்கள், மகளின்ரை வீட்டிலை நான் ஆரையாவது தேடிக்கொண்டு இருப்பன் எண்டு சொன்னவ. பேந்து சொன்னவ, மகள் என்னை நல்லாப் பாப்பாள், அதுதான் எனக்குப் பயம் எண்டு.”

“கோவமோ?”

“இல்லை மாமா. இதை ஏன் எனக்குத் தமிழிலை சொல்லேல்லை?”

பிரெஞ்சில் சொல்வது அக்காவுக்கு லேசாக இருந்திருக்கும். அந்த மொழியில் அக்காவுக்கு மகள் இல்லை, அயலவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் அப்படி அவளிடம் சொல்ல நான் துணியவில்லை. நான் வந்த காரியத்தை மட்டும் சொன்னேன்: உன் பக்கம் கதைக்கத்தான் வந்தேன், ஆனால் இனி என்னால் கதைக்கேலாது.

அக்கா வந்து முன் இருக்கையில் ஏறினார். மதாமை இறக்கிவிட்ட பிறகு கார் கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றது. ஷாமினி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்ப எங்கை போக விருப்பம் அம்மா?”

அக்கா யோசிக்கவே இல்லை. முதலே யோசித்து வைத்திருந்தார். நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியின் கரையில், வென்டோம் மெற்றோவுக்குக் கிட்ட. அங்கிருந்து கார்டெரிக்கு மெற்றோவில் ஒரே ஒரு தரிப்பு. மகள் வேலை முடிந்து வரும்போது இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம். சனி ஞாயிறில் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடலாம். கீழ்த்தளத்து அறையும் இருக்கட்டும், நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நிற்பேன் என்றார்.

“இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?”

“நீ கேட்டது வாறியோ வரேல்லையோ எண்டுதானே பிள்ளை.”

அன்று பியர்பொன்ட்ஸில்தான் படுத்தோம். கீழ்த்தளத்து அறையில் அக்கா. நான் மேலே சோபாவில். விடிகாலையில், வேலைக்கு வெளிக்கிடமுன், இறங்கிப் பார்த்தபோது தாயும் மகளும் அந்தக் கட்டிலில் இருந்து பத்திரிகையின் வாடகை விளம்பரங்களில் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிச்ச நாட்கள் வீடு பார்ப்பதிலேயே போயின. பின்னேரங்களில் மூன்று பேரும் ஒன்றாகப் போவோம். ஷாமினி படிகளை எண்ணுவாள், வெந்நீரைத் திறந்து பார்ப்பாள். அக்கா நேரே குசினிக்குப் போய்ச் சன்னலைத் திறந்து பார்ப்பார். மீன் பொரிக்கிற மணம் எந்தப் பக்கம் போகும் என்பது அவர் கவலை. நான் சும்மா நின்று சாலைச் சத்தத்தைக் கேட்பேன். ஆறாவதாகப் பார்த்த வீடு இரண்டாம் மாடி, சின்ன அறைகள், ஆனால் குசினிச் சன்னல் பெரிது. சொந்தக்காரர் கிரேக்கர். அக்கா என்ன சமைப்பார் என்று கேட்டார். அக்கா சொல்லி முடிக்க, எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றார். கதை முடிந்தது.

வெள்ளிக்கிழமை நான் புறப்பட்டேன். அக்கா விமான நிலையத்துக்கு வரவில்லை, முப்பது பேருக்குச் சமையல். காலையில் வேலைக்குப் போகும் வழியில் கட்டிப்பிடித்துவிட்டு, ஒருநாளும் நீ சொன்னதை நான் கேட்டதில்லை தம்பி, கூட்டத்துக்குப் பிறகு நீ ஒண்டும் சொல்லேல்லை, அதுக்கு நன்றி என்று சொல்லிவிட்டுத் தன் வேக நடையில் போய்விட்டார்.

தை மாதம், உறைபனியில், அன்ரன் நண்பர்களோடு வந்து அக்காவின் சாமான்களை ஏற்றி இறக்கினானாம். மதாம் லூசி அசையவில்லை. யந்திரம் வாசலுக்கு வரட்டும் பார்ப்போம் என்று அங்கேயே இருந்தார்.

பிறகு அந்தத் திட்டத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். கூட்டங்கள், விசாரணைகள், புதிய வரைபடங்கள். ஒரு நாள் ஷாமினி ரெலிபோனில் சொன்னாள், கடைசியாக வந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு கொஞ்சம் விலகிவிட்டது, அம்மாவின் பழைய வீடு மஞ்சளில் இல்லை. மதாம் வென்றுவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. உடனே அக்காவுக்கு எடுத்தேன். செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மதாம்தான் முதலில் சொன்னவராம்.

“ஐயோ அக்கா, கொஞ்சம் பொறுத்திருந்தால் வீட்டைவிட்டு எழும்பியிருக்கத் தேவையில்லையே,” என்றேன்.

“நான் ரோட்டுக்குப் பயந்து எழும்பேல்லையே தம்பி,” என்றார். “நானாகத்தான் எழும்பினது. இனியொருக்கா எழும்பினாலும் நானாத்தான்.”

பின்னால் யாரோ பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. பேரப்பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள், அடுப்பில் இடியப்பம், பேந்து எடு என்று சொல்லிவிட்டு அக்கா ரெலிபோனை வைத்தார்.